லீவர் துடிக்கிறது: யூனிகார்ன் முன் டிஸ்க், எதைப் போடுவது?

11 ஜூன் 2023, இரவு

ஹோண்டா யூனிகார்ன் 150 பைக், 2014 மாடல், 91,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன் பிரேக்கை மெதுவாகப் பிடித்தால் லீவர் விரலுக்கடியில் நாடி மாதிரி துடிக்கிறது. வேகம் நாற்பதுக்குக் கீழே வந்ததும் ஹேண்டில்பாரும் சேர்ந்து உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். புதிது வாங்கப் போனால் கடையில் மூன்று வகை காட்டுகிறார்கள்: கம்பெனி ஒரிஜினல், அதில் பாதி விலைக்கு லோக்கல், ஓரத்தைப் பூவிதழ் மாதிரி வெட்டிய பெட்டல் டிஸ்க். எனக்கு மிளகு வியாபாரம். நாமக்கல்லில் இருந்து வாரம் ஒரு தடவையாவது கொல்லிமலை ஏறுகிறேன், இறங்கும்போது பின்னால் நாற்பது கிலோ மூட்டை இருக்கும். இதற்கு எதைப் போடலாம்? போட்டவர்கள் சொல்லுங்கள்.

12 ஜூன்

கனத்தை அளக்காமல் கேட்டால் எப்படி என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான். வெர்னியர் வைத்துப் பார்த்தேன், 3.8 மி.மீ. டிஸ்க்கின் நடுப்பகுதியிலேயே 'மின் டிஎச் 3.5' என்று பொறித்திருக்கிறது. 3.5-க்குக் கீழே தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டும் என்று அர்த்தம். இன்னும் 0.3 பாக்கி இருக்கிறதே, அப்படியானால் தேய்மானம் இல்லை, வளைவுதான். நாளைக்கு லேத் பட்டறையில் கொடுத்து இரண்டு பக்கமும் லேசாகச் சீவிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். லாரி பாடி கட்டுகிற ஊர் இது, பிரேக் டிரம் சீவாத பட்டறை கிடையாது.

14 ஜூன்

மேலே எழுதிய 3.8 தப்பு. அதை நம்பி யாரும் எதுவும் செய்துவிட வேண்டாம்.

லேத்காரர் டிஸ்க்கைக் கையில் வாங்கியதும் கட்டைவிரலால் ஓரத்தை ஒரு தடவை வருடினார். "தம்பி, விளிம்பு மேடு நிக்குது பாரு, நீ இதைத்தான் அளந்திருக்கே" என்றார். உண்மைதான். டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பேட் உரசாத வெளி விளிம்பு தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும். வெர்னியரின் தாடை நேராக வந்து அந்த வரப்பின் மேல்தான் உட்காரும், உரசும் இடத்தின் பள்ளம் அளவில் வராது. அவர் இரண்டு 6 மி.மீ. டிரில் பிட்டை எடுத்து, அவற்றின் வழவழப்பான காம்புப் பகுதியை டிஸ்க்கின் இரண்டு பக்கமும் உரசும் இடத்தில் வைத்து, அதற்கு மேல் வெர்னியரைப் பிடித்தார். 15.4 வந்தது. பன்னிரண்டைக் கழித்தால் 3.4. அப்புறம் மைக்ரோமீட்டரால் எட்டு இடத்தில் பார்த்தோம். 3.36-லிருந்து 3.44 வரை, இடத்துக்கு இடம் வேறு வேறு.

சீவித் தரச் சொன்னேன். "இருக்கறதே தாள் கனம், இதுல நான் எதைச் சீவறது? மலை இறங்கறவன் வேற" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். காசு வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்கிற மனிதர்.

ஆக, டிஸ்க் வளையவில்லை. ஒரு இடம் கனமாகவும் ஒரு இடம் மெல்லியதாகவும் தேய்ந்திருக்கிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது கனமான இடம் பேட்களுக்கு நடுவே வந்தால் பேட்டை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும், மெல்லிய இடம் வந்தால் விடும். அந்தத் தள்ளல் பிரேக் எண்ணெய் வழியாக லீவருக்கு வருகிறது. அதுதான் துடிப்பு. 0.08 மி.மீ. என்பது ஒரு தலைமுடியின் கனம். விரலுக்குத் தெரிவதற்கு அதில் பாதிகூட வேண்டாம்.

15 ஜூன்

"அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் என்ன குடி முழுகிவிடும்" என்று கேட்டிருக்கிறார்கள். நானும் பத்து வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வண்டி, நான், மூட்டை எல்லாம் சேர்த்து 260 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்தில் அதில் இருக்கிற ஆற்றல் சுமார் 36,000 ஜூல். நிறுத்தினால் அத்தனையும் சூடாக மாற வேண்டும். முன் பிரேக் எழுபது சதவீதம் வேலை செய்தால் 25,000. அதை வாங்கிக்கொள்வது 240 மி.மீ. டிஸ்க்கில் பேட் உரசும் வளையம் மட்டும்தான், அதன் எடை அறுநூறு எழுநூறு கிராம்தான் வரும். ஒரே ஒரு நிறுத்தத்துக்கு அது 80, 90 டிகிரி ஏறிவிடும். புதிதில் நான்கு மில்லிமீட்டராக இருக்கிற கனம் 3.4 ஆகிவிட்டால் சூட்டை வாங்குகிற உலோகத்தில் பதினைந்து சதவீதம் போய்விட்டது, அப்போது அதே நிறுத்தத்துக்கு நூறு டிகிரி.

இப்போது மலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் இறங்கினால் அதே 260 கிலோவுக்கு இருபத்தைந்தரை லட்சம் ஜூல். 60 கி.மீ. வேகத்தில் போகிற வண்டியை எழுபது தடவை நிறுத்துவதற்குச் சமம். மலை மேலே சோளக்காட்டிலிருந்து அடிவாரத்தில் காரவள்ளி வரை கொண்டை ஊசி வளைவும் எழுபதுதான். கணக்கு அப்படி வந்து நின்றபோது எனக்குக் கொஞ்சம் உடம்பு சிலிர்த்தது. காற்றும் இஞ்சினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், நடுவில் டிஸ்க்கும் ஆறும், எல்லாம் சரி. ஆனாலும் மெலிந்த டிஸ்க்கோடு இதை வாராவாரம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

18 ஜூன்

டிஸ்க்கைக் கழற்றியிருக்கும்போதே மற்றவற்றையும் பார்க்கச் சொன்னார்கள். ஹேண்டில்பார் திரும்புகிற இடத்து பேரிங்கான கோன் செட் ஆடவில்லை. சக்கர பேரிங் நன்றாக இருக்கிறது. பேட்களைத் தாங்குகிற காலிப்பர், அது வழுக்குகிற இரண்டு பின்னில் (ஊசியில்) ஒன்று இறுகிப் போயிருந்தது, ரப்பர் பூட் கிழிந்து உள்ளே மண். அதனால் உள்பக்கப் பேட் வெளிப்பக்கத்தைவிட அதிகம் தேய்ந்திருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்து சிலிக்கோன் கிரீஸ் வைத்து பூட் மாற்றியாயிற்று. பெட்ரோலிய கிரீஸ் வைக்காதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.

21 ஜூன்

ஒரு பெரியவர், ஒரிஜினல் டிஸ்க் எவர்சில்வர், காந்தம் ஒட்டாது, ஒட்டினால் டூப்ளிகேட் என்கிறார். இது ஊர் முழுக்கச் சொல்கிற விஷயம், நானும் நம்பியிருந்தேன். வீட்டில் பூஜை அறைக் காலண்டரிலிருந்த காந்தத்தை எடுத்துப் பார்த்தேன். சமையலறை டம்ளரில் ஒட்டவில்லை. ஒன்பது வருடம் முன்பு வண்டியோடு வந்த டிஸ்க்கில் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது.

காரணம் இதுதான். டம்ளர் எவர்சில்வரில் குரோமியத்தோடு நிக்கலும் சேர்ந்திருக்கும், அதில் காந்தம் பிடிக்காது, அதைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கவும் முடியாது. பிரேக் டிஸ்க்குக்குக் கடினம் வேண்டும். அதனால் குரோமியம் பன்னிரண்டு சதவீதம் அளவுக்கு இருந்து, நிக்கல் அநேகமாக இல்லாத, சூட்டில் கடினமாக்கக்கூடிய வகையைப் போடுகிறார்கள். அதில் காந்தம் ஒட்டும். ஆகவே காந்தத்தை வைத்து ஒரிஜினலா இல்லையா என்று சொல்லவே முடியாது. காந்தம் ஒட்டவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

லாரி டிரம், கார் டிஸ்க் எல்லாம் வார்ப்பிரும்பு. உராய்வுக்கு அதுதான் நல்லது என்று லேத்காரர் சொல்கிறார், ஆனால் ஒரு மழை பட்டால் துரு. பைக்கில் டிஸ்க் வெளியே கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது, துருப்பிடித்தால் யாரும் வாங்க மாட்டார்கள். ஹோண்டா 1969-ல் சிபி750-ல் முன் டிஸ்க்கைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. 1981-ல் வந்த சிபிஎக்ஸ்400எஃப்-ல் வார்ப்பிரும்பு டிஸ்க்கையே போட்டு, துரு தெரியாமலிருக்க ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுப்பகுதிக்குள்) மூடிவைத்தார்கள். அந்தப் படத்தைப் பாருங்கள், டிரம் பிரேக் என்றே நினைப்பீர்கள். எனக்கு அந்த வண்டி மேல் ஒரு ஆசை உண்டு.

25 ஜூன்

லோக்கல் டிஸ்க் வாங்கிவிட்டேன். பாதி விலை, பளபளப்பாக இருந்தது, கடைக்காரரும் தெரிந்தவர். நாளைக்குப் போடுகிறேன்.

26 ஜூன்

போடவில்லை. போடுவதற்கு முன்னால் அளந்தேன். புத்தம் புது டிஸ்க் 3.7 மி.மீ. கனம். குறைந்தபட்ச அளவு எங்கேயும் பொறிக்கவில்லை. என் வண்டிக்கு 3.5-தான் எல்லை என்றால் இது 0.2 மி.மீ. உழைக்கும், அவ்வளவுதான். நடு ஓட்டையைச் சக்கர ஹப்பில் வைத்துப் பார்த்தால் லொடலொடவென்று ஆடுகிறது. ஹப்பின் உயர்ந்த வளையம்தான் டிஸ்க்கை மையத்தில் நிறுத்த வேண்டும், போல்ட் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும்தான். இது ஆடினால் போல்ட்தான் மையம் பிடிக்க வேண்டியிருக்கும்.

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். மாற்றித் தர மாட்டேன் என்று முதலில் சொன்னவர், ஒரிஜினல் ஒன்றை எடுத்து மிளகுத் தராசில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். (தராசு எப்போதும் பெட்டியில் இருக்கும், தொழில் அது.) 70 கிராம் வித்தியாசம். டிஸ்க் வாங்கும்போது நாம் வாங்குவது அந்த உலோகத்தைத்தான். மைக்ரோமீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மளிகைக் கடைத் தராசு போதும்.

லோக்கல் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. வண்டிக் கம்பெனிகளுக்கே செய்து கொடுக்கிறவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கிற டிஸ்க் இருக்கிறது, அதில் கனமும் ஓட்டையும் சரியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். நான் வாங்கிய பெட்டியில் செய்தவர் பெயரே இல்லை, அதை முன்னாடியே கவனித்திருக்க வேண்டும்.

2 ஜூலை

ஒரிஜினலைப் போட்டோம். பழைய போல்ட் கழற்றுவதுதான் பெரிய வேலை. மரையில் பசை போட்டு இறுக்கியிருப்பார்கள், எல்-கீ வைத்து முக்கினால் தலை வழுக்கிவிடும். போல்ட் தலையில் ஹாட் ஏர் கன்னால் நன்றாகச் சூடு காட்டினால் பசை இளகும், அப்புறம் 'க்ரிக்' என்று விடும். புதிய டிஸ்க்குக்குப் புதிய போல்ட்தான். குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில்.

ஆனால் விஷயம் இனிமேல்தான். லேத்காரரிடம் டிஸ்க் பக்கவாட்டில் ஆடுவதை முள்ளில் காட்டுகிற டயல் கேஜ் இரவல் வாங்கி வந்திருந்தேன். அதன் காந்த அடி ஃபோர்க்கின் அலுமினியக் காலில் ஒட்டாது, ஒரு இரும்புப் பட்டையை சி-கிளாம்பில் கட்டி அதன் மேல் ஒட்ட வைத்தோம். சக்கரத்தைச் சுற்றினால் முள் 0.32 மி.மீ. ஆடுகிறது. பல ஹோண்டா கையேடுகளில் 0.30-தான் உச்ச வரம்பு. புது டிஸ்க், ஒரிஜினல், எல்லாம் அளந்து வாங்கியது. அதுவும் ஆடுகிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

3 ஜூலை, காலை

கண்டுபிடித்தாயிற்று. பெயிண்ட்!

போன வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் அலாய் வீல் இரண்டுக்கும் கறுப்பு பெயிண்ட் அடித்தேன். அடித்தவர் டிஸ்க் உட்காரும் முகத்தை மறைக்காமல் அதன் மேலும் சேர்த்து அடித்திருக்கிறார், ஒரு இடத்தில் வழிந்து காய்ந்த சொட்டு. டிஸ்க் அந்தச் சொட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மையத்துக்குப் பக்கத்தில் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தூக்கினாலே வெளி விளிம்பில் அது பெரிதாகிவிடும். தின்னர் தொட்டுத் துடைத்து, பிளேடால் சுரண்டி, கண்ணாடித் துண்டின் மேல் எமரி தாள் ஒட்டி, மேடு மட்டும் போகிற மாதிரி மெதுவாகத் தேய்த்தேன். திரும்பப் போட்டு அளந்தால் 0.06.

இப்போது பழைய டிஸ்க்கின் கதையும் புரிகிறது. பெயிண்ட் அடித்த அன்றே லீவர் துடிக்கவில்லை, நன்றாகத்தான் இருந்தது. டிஸ்க் லேசாகக் கோணி உட்கார்ந்ததால், பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை அதே இடம் பேட்டில் போய் உரசியிருக்கிறது. எட்டு மாதம், பல ஆயிரம் கிலோமீட்டர், அதே இடம். அந்த இடம் தேய்ந்து மெலிந்து, கடைசியில்தான் துடிப்பாக வெளியே தெரிந்தது. காலிப்பரில் இறுகிப் போயிருந்த அந்தப் பின்னும் இதற்குத் துணை போயிருக்கும். இதைப் பார்க்காமல் வெறுமனே டிஸ்க் மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த வருடம் இதே கேள்வியை இங்கே திரும்ப எழுதியிருப்பேன்.

11-ஆம் தேதி "வளைந்துவிட்டது" என்று எழுதினேன் அல்லவா, அதை முழுதாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

9 ஜூலை

புது டிஸ்க்குக்குப் புதுப் பேட். பழைய பேட்டில் பழைய டிஸ்க்கின் வரி வரியான மேடு பள்ளம் அப்படியே பதிந்திருக்கும், புதிதின் மேல் அதை வைத்தால் முழுப் பரப்பும் ஒட்டாது. டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி அனுப்புவார்கள், பிரேக் கிளீனரால் இரண்டு பக்கமும் துடைத்தபின்தான் போட வேண்டும். விடியற்காலை சேந்தமங்கலம் ரோட்டில் பேட்டும் டிஸ்க்கும் பழகுவதற்காக, வேகத்தை ஐம்பதிலிருந்து பத்துக்கு இருபத்தைந்து தடவை இறக்கினேன். முழுசாக நிறுத்தி லீவரைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, சூட்டில் பேட் அந்த ஒரே இடத்தில் ஒட்டிக் கறை விட்டுவிடும், அதுவும் துடிப்பாகத்தான் வரும்.

உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்த சின்டர்டு பேட் போடச் சொன்னார்கள், எச்எச் என்று எழுத்துப் போட்டது. அந்த எழுத்தில் முதலாவது ஆறியிருக்கும்போது பிடிக்கும் அளவு, இரண்டாவது சூட்டில் பிடிக்கும் அளவு. நல்லதுதான், ஆனால் இந்த டிஸ்க் சாதாரண பேட்டுக்காகச் செய்தது, டிஸ்க்கைச் சீக்கிரம் தின்னும். நான் கம்பெனி பேட்டையே போட்டேன்.

10 ஜூலை

ஒன்று விட்டுப்போய்விட்டது. பிரேக் எண்ணெயும் மாற்றினேன். முன்பு ஒரு தடவை மலை இறங்கி முடிக்கும்போது லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போனது, அதற்கும் டிஸ்க்கைத்தான் குறை சொன்னேன். எண்ணெய் கொதித்தாலும் லீவர் அப்படித்தான் போகும். டாட் 4 தரத்து பிரேக் எண்ணெய் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய எண்ணெய்க்குக் கொதிநிலை 155 இருந்தாலே அந்தத் தரத்துக்குப் போதும் என்கிறார்கள். என் எண்ணெய் நான்கு வருடப் பழசு, டீத்தூள் நிறம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது.

20 ஆகஸ்ட்

அக்கா மகன் பெட்டல் டிஸ்க் வேண்டும் என்று பிடிவாதம், அதுவும் நடுவில் பட்டன் வைத்து, பக்கவாட்டில் லேசாக நகரவிடும் ஃப்ளோட்டிங் வகை. "மாமா, ரேஸ் பைக்ல எல்லாம் அதுதான்" என்கிறான். ரேஸ் பைக்கில் காலிப்பர் அசையாமல் இருக்கும், இரண்டு பக்கமும் பிஸ்டன். அதனால் டிஸ்க் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து கொடுக்க வேண்டும். எங்கள் வண்டியில் காலிப்பரே பின்னில் வழுக்குகிறது, டிஸ்க் நகர வேண்டிய தேவை இல்லை. இதழ் வெட்டினால் எடை குறையும், சேறு தங்காது. எனக்கு வேண்டியது எடை, அவனுக்கு வேண்டியது அழகு. அவன் மலை ஏறுவதில்லை, நல்ல கம்பெனி பெட்டல் டிஸ்க் அவனுக்குப் போதும், அதில் தப்பு சொல்ல மாட்டேன். அவன் வண்டி ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏற்பாடு) உள்ளது என்பதால் ஒன்று மட்டும் கட்டாயம் பார்க்கச் சொன்னேன்: 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் உண்டு, சக்கர வேகத்தைப் படிக்கிற பல் வளையம் பல வண்டிகளில் டிஸ்க்கோடு சேர்த்துத்தான் பூட்டியிருக்கும். அந்த வளையத்துக்கான ஓட்டையும் உயரமும் புது டிஸ்க்கில் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஏபிஎஸ் வேலை செய்யாது.

23 நவம்பர்

நல்ல மழை. மலை மேல் செம்மேட்டிலிருந்து நனைந்துகொண்டே இறங்கினேன். நனைந்த டிஸ்க் முதல் பிடியில் ஒரு நொடி யோசிக்கிறது, அதற்குப் பிறகு பிடித்துக்கொள்கிறது. ஓட்டைகள் போட்டிருப்பது இதற்கும்தான். வளைவு வருவதற்கு முன்னாலேயே லேசாகத் தொட்டுத் தண்ணீரை உதறிவிட வேண்டும்.

இன்னொரு பழக்கமும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் மூன்றாவது கியரில் லீவரை அரைகுறையாகப் பிடித்தபடியே முழு மலையும் இறங்குவேன். இப்போது இரண்டாவது கியர், இஞ்சின் இழுத்துப் பிடிக்கும், வளைவுக்கு முன்னால் மட்டும் அழுத்தமாக ஒரு பிடி, உடனே விடுதல். கீழே காரவள்ளியில் நிறுத்தி டிஸ்க்கில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். முன்பு 'சுர்'ரென்று துள்ளி ஓடும். நேற்று முன்தினம் வெயிலில் இறங்கியபோது அங்கேயே நின்று மெதுவாக ஆவியானது.

16 ஜூன் 2024

ஒரு வருடம் ஆகப் போகிறது, 11,000 கி.மீ. டிஸ்க் கனம் போட்ட அன்று 4.02 மி.மீ., இன்று 3.95. எட்டு இடத்திலும் அளந்தேன், அதிகபட்ச வித்தியாசம் 0.01. லீவர் துடிப்பு இல்லை. பழைய டிஸ்க்கை லேத்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார், பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறார், சீவச் சொல்லி வருகிறவர்களுக்கு விளிம்பு மேட்டைத் தொட்டுக் காட்டுவதற்கு.

வீலுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும், கல் பட்டுப் பெயர்ந்திருக்கிறது. இந்தத் தடவை டிஸ்க் உட்காரும் முகத்துக்கு நானே மாஸ்கிங் டேப் ஒட்டிக் கொடுத்துவிட்டு வரப் போகிறேன்.